ஊர்ப் பணம் களவு போனால் விசாரிப்பது யார்?

நகரசபையிலே திருட்டு என்று ஊரார் குரல் எழுப்புகிறார்கள். விசாரிப்பது யார்? நகரப் போலீசா? அமெரிக்காவிலே நகரப் போலீசுக்குச் சம்பளம் கொடுப்பதே நகரசபைதான். மாதாமாதம் எவரிடம் கை நீட்டிச் சம்பளம் வாங்குகிறோமோ, அவரிடமே போய், "பெட்டியைத் திற, கணக்கைக் காட்டு" என்று கேட்கும் துணிவு எத்தனை பேருக்கு வரும்? ஆகவேதான் அந்நாட்டு மக்கள், உள்ளூர் ஆட்சியில் ஊழல் என்று சந்தேகம் எழுந்தவுடன், "மத்திய அரசின் புலனாய்வுத் துறை வரட்டும், எப்.பி.ஐ. வரட்டும்" என்று கேட்கிறார்கள்.

நியாயமான கோரிக்கைதான். வேலியே பயிரை மேயும்போது, வேலியிடமா முறையிடுவது? ஆனால் வெளியிலிருந்து வருகிறவரை அனுப்புவது யார், திரும்ப அழைப்பது யார் என்ற கேள்வியையும் சேர்த்தே கேட்கவேண்டும் என்கிறோம் நாம்.

இல்லினாய் மாநிலத்திலே டிக்சன் என்றோர் ஊர். மக்கள் தொகை சுமார் 16,000. குடியரசுத் தலைவராக இருந்த ரொனால்ட் ரீகன் சிறுவனாக வளர்ந்த ஊர் என்ற பெருமை அதற்குண்டு. அந்த நகரசபையிலே 1983 முதல் பொருளாளராகவும் கணக்கதிகாரியாகவும் இருந்தவர் ரீட்டா கிரண்ட்வெல் என்ற அம்மையார். பணம் வாங்குவதும் அவர், கொடுப்பதும் அவர், கணக்கு எழுதுவதும் அவர். மேயரும் மன்ற உறுப்பினர்களும் தத்தம் பிழைப்பைப் பார்த்துக்கொண்டு பகுதி நேரமாகப் பொதுப்பணி செய்தவர்கள். அம்மையார் சொன்னதே கணக்கு, காட்டியதே வரவு.

1990 டிசம்பரில் அவர் ஒரு வங்கிக் கணக்கைத் திறந்தார். பெயரைப் பார்த்தால் சாக்கடைப் பணிக்கான நிதி போலத் தோன்றும். உண்மையில் அது அவருடைய சொந்தப் பை! மாநில அரசுக்குக் கட்டவேண்டிய தொகை என்று பொய்ப் பட்டியல்கள் தயாராயின. ஊர்ப் பணம் அந்தப் பைக்குள் போயிற்று. 2012 வரை, இருபத்தொரு ஆண்டுகளுக்கு மேல், ஐந்து கோடியே முப்பது லட்சம் டாலருக்கு மேற்பட்ட தொகை! சில ஆண்டுகளில், ஒரே ஆண்டில் ஐம்பது லட்சத்துக்கும் மேல்! ஆண்டுக்கு 80,000 டாலர் அளவில் சம்பளம் பெற்றவரிடம் சுமார் 400 குதிரைகள் இருந்தன. உயர்ந்த சாதிக் குதிரைகள். உலகப் போட்டிகளில் பரிசு வாங்கிய குதிரைகள்.

குதிரைக்குப் புல் கிடைத்தது. ஊழியனுக்கு? சம்பள உயர்வு கிடையாது. சாலை போடப் பணமில்லை, கருவி வாங்கப் பணமில்லை. கேட்டவர்களுக்கு அம்மையார் தந்த விடை: "மாநில அரசு தரவேண்டிய பணம் தாமதமாகிறது!" என்ன சாமர்த்தியம் பாருங்கள்! மாநில அரசு உண்மையாகவே தாமதப்படுத்தும் வழக்கமுடையதாக இருந்ததால், பொய் மெய்யின் சட்டையைப் போட்டுக்கொண்டு தெருவிலே நடமாடியது. ஆண்டுதோறும் தணிக்கை செய்ய ஒரு நிறுவனம் இருந்தது. அதன் கண்ணில் எதுவும் படவில்லை. வங்கிக்கும் ஐயம் வரவில்லை. ஊரார் மட்டும் குண்டும் குழியுமான வீதியிலே நடந்துகொண்டிருந்தார்கள்.

களவு வெளிப்பட்ட விதம் கவனிக்கத்தக்கது. பெரிய துப்பறியும் புலி எவரும் வரவில்லை. 2011-ல், குதிரைப் போட்டிக்காக அம்மையார் நீண்ட விடுப்பில் போயிருந்த நேரம். அவருடைய வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த நகரசபை எழுத்தர், வங்கியிடம் எல்லாக் கணக்குகளின் விவரத்தையும் கேட்டார். வந்த தாள்களிலே தாம் கேள்விப்படாத கணக்கு ஒன்று இருக்கக் கண்டார். ஒரே மாதத்தில் லட்சக்கணக்கில் வரவு, செலவெல்லாம் சொந்தச் செலவு! அந்தத் தாளை மேயர் ஜேம்ஸ் பர்க்கிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்.

மேயர் என்ன செய்தார்? மன்றத்தைக் கூட்டித் தீர்மானம் போடவில்லை, அம்மையாரை அழைத்து விளக்கம் கேட்கவில்லை. நேரே எப்.பி.ஐ.யிடம் போனார். மாதக்கணக்கிலே, அந்த அம்மையாரோடு அன்றாடம் முகம் பார்த்துப் பேசிக்கொண்டே, மேயரும் எழுத்தரும் வாய் திறவாதிருந்தார்கள். அந்த மாதங்களிலும் பணம் போய்க்கொண்டேதான் இருந்தது. அது அவர்களுக்குத் தெரியும். சான்று முழுமையாகச் சேரவேண்டுமே என்று பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தார்கள். 2012 ஏப்ரலில் கைது. அதே ஆண்டு நவம்பரில் குற்ற ஒப்புதல். 2013 பிப்ரவரியில் 19 ஆண்டு 7 மாதச் சிறை. குதிரைகள் ஏலம் போயின. தணிக்கை நிறுவனமும் வங்கியும் உட்பட்ட தரப்பினர் நகருக்குச் சுமார் நான்கு கோடி டாலர் கொடுத்து வழக்கைத் தீர்த்துக்கொண்டனர்.

மத்திய விசாரணை வேண்டும் என்போருக்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. இல்லினாயிலே நடந்த ஊழலில் வாஷிங்டனுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். பணம் கம்பிவழியே மாநில எல்லை கடந்து போனால், அந்த மோசடி மத்தியச் சட்டத்துக்கு உட்பட்டது. அம்மையார் மீது நிரூபணமான குற்றமும் அதுவே. மத்திய அரசிடம் ஆண்டுக்கு 10,000 டாலருக்கு மேல் உதவி பெறும் நகரசபைகளில் நடக்கும் லஞ்சத்துக்கென்று தனிச் சட்டமும் உண்டு.

அந்தச் சட்டம் இன்று எப்படி இருக்கிறது? இந்தியானா மாநிலத்தில் போர்ட்டேஜ் நகரம் ஐந்து குப்பை லாரிகளை வாங்கியது. விலை பத்து லட்சம் டாலருக்கு மேல். பிறகு, 2014-ல், லாரி விற்ற நிறுவனம் மேயருக்கு 13,000 டாலர் கொடுத்தது. ஆலோசனைக் கட்டணம் என்றார் மேயர். லஞ்சம் என்றது மத்திய அரசு. 2024 ஜூனில் உச்சநீதிமன்றம், ஆறு நீதிபதிகள் ஒருபக்கம், மூவர் மறுபக்கம் என்று பிரிந்து தீர்ப்பளித்தது: வேலை முடிந்தபின் கொடுக்கும் அன்பளிப்பை இந்த மத்தியச் சட்டம் தடுக்கவில்லையாம், அதை மாநிலமும் நகரமும் பார்த்துக்கொள்ளட்டுமாம். முன்னால் பேசிக் கொடுத்தால் லஞ்சம், பின்னால் நினைத்துக் கொடுத்தால் நன்றி! குப்பை அள்ளும் தொழிலாளிக்கு இந்த நுட்பமான வேறுபாட்டை விளக்கப் புலவர் பரம்பரையே வந்தாலும் முடியாது.

சட்டம் சுருங்கியது ஒருபுறம். சட்டத்தைக் கையில் வைத்திருப்போர் செய்தது மறுபுறம். நியூயார்க் மேயராக இருந்த எரிக் ஆடம்ஸ் மீது 2024 செப்டம்பரில் மத்திய வழக்கறிஞர்கள் லஞ்சக் குற்றச்சாட்டைத் தாக்கல் செய்தார்கள். அவர் மறுத்தார். உண்மை எதுவென்று நீதிமன்றத்திலே தெரிந்திருக்கும். ஆனால் 2025 பிப்ரவரியில், புதிய ஆட்சியின் நீதித்துறை, வழக்கைக் கைவிடு என்று உத்தரவிட்டது. காரணம்? குடியேறியவர்களைப் பிடிக்கும் பணியில் மேயர் ஒத்துழைக்க இந்த வழக்கு இடைஞ்சலாம்! அங்கே பொறுப்பு வகித்த மத்திய வழக்கறிஞர் டேனியல் சசூன் பதவியையே உதறினார். வேறு சிலரும் விலகினர். எப்போது வேண்டுமானாலும் மீண்டும் தொடுக்கும் உரிமையோடு வழக்கை நிறுத்திவைக்கவே அரசு கேட்டது. நீதிபதி டேல் ஹோ அதற்கு இணங்கவில்லை. பேரம் நடந்த சாயல் தெரிகிறது என்று எழுதி, மேயரின் தலைமேல் கத்தி தொங்கக்கூடாது என்பதற்காக, மீண்டும் தொடுக்க முடியாதபடி 2025 ஏப்ரலில் தள்ளுபடி செய்தார். வழக்கு நடத்த மறுக்கும் அரசை வற்புறுத்த நீதிமன்றத்தால் முடியாதே!

டிக்சன் கதையும் முடிந்துவிடவில்லை. கிரண்ட்வெல் 2021-லேயே சிறையிலிருந்து வெளியே அனுப்பப்பட்டார். 2024 டிசம்பரில், குடியரசுத் தலைவர் ஜோ பைடன் ஏறத்தாழ 1,500 பேருக்குத் தண்டனைக் குறைப்பு அளித்தார். அந்தப் பட்டியலில் அம்மையாரின் பெயரும் இருந்தது. பணத்தைப் பறிகொடுத்த ஊர் கொதித்தது. ஒரு கட்சி வழக்கை மூடியது, மறு கட்சி தண்டனையைக் குறைத்தது. எந்தக் கட்சி நல்ல கட்சி என்று நம்மைக் கேட்காதீர்கள்.

நம் நாட்டிலும் "சி.பி.ஐ. விசாரணை வேண்டும்" என்ற முழக்கம் ஊராட்சி மன்றம் வரை ஒலிக்கிறது. 1946-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 6-ஆம் பிரிவுப்படி, மாநிலத்தின் இசைவின்றி சி.பி.ஐ. அங்கே நுழைய முடியாது. தமிழ்நாடு 2023 ஜூனில் பொது இசைவைத் திரும்பப் பெற்றது. மாநில உரிமையில் அக்கறையுள்ளவர்கள் இதைக் குறை சொல்லமாட்டார்கள். 2013-ல் உச்சநீதிமன்றமே சி.பி.ஐ.யைக் கூண்டுக்கிளி என்றதை நாடு மறந்துவிட்டதா? எனினும் நகராட்சியில் ஒப்பந்தத்தைத் தின்றவன், மாநில உரிமை என்ற திரைக்குப் பின்னே ஒளிந்துகொள்ள நாம் இடம் தரமுடியாது. வழி இருக்கிறது. 2010 பிப்ரவரியில் உச்சநீதிமன்றத்தின் அரசியல் சட்ட அமர்வு, மாநில இசைவில்லாமலே உயர்நீதிமன்றம் சி.பி.ஐ. விசாரணைக்கு ஆணையிடலாம் என்று தீர்ப்பளித்திருக்கிறது. டில்லி அமைச்சரிடம் மனுக் கொடுப்பதைவிட, நீதிமன்றத்தின் படியேறி, நீதிமன்றத்தின் மேற்பார்வையில் விசாரணை கேட்பதே மேல் என்கிறோம். அனுப்புவதும் அழைப்பதும் அமைச்சர் கையில் இராது.

தோழர்களுக்கு ஒரு வார்த்தை. மனுவிலே வசைமொழியைக் குறையுங்கள். தீர்மான எண், ஒப்பந்தத் தொகை, பட்டியல் நகல் ஆகியவற்றைச் சேருங்கள். 2005-ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டம் அதற்காகத்தான் இருக்கிறது. டிக்சனில் களவைப் பிடித்தது மேடைப் பேச்சல்ல, ஒரு வங்கித் தாள்.

அந்தத் தாளைக் கண்ட எழுத்தரைப்போல நம் நகராட்சி அலுவலகங்களிலும் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். கண்டதைச் சொன்னால் மாற்றல், இடைநீக்கம், சில நேரம் உயிருக்கே ஆபத்து. ஊழலை அம்பலப்படுத்துவோரைக் காக்க நாடாளுமன்றம் 2014-ல் ஒரு சட்டம் நிறைவேற்றியது. ஆண்டுகள் பல கடந்தும் அது நடைமுறைக்குக் கொண்டுவரப்படாமல் கிடக்கிறது. அதற்குப் புதிய சட்டமோ பெரிய செலவோ தேவையில்லை, மத்திய அரசின் ஓர் அறிவிப்பு போதும். ஊழலை ஒழிப்போம் என்று நாள்தோறும் முழங்கும் டில்லி ஆட்சியாளரிடம் முதலில் நாம் கேட்பது அந்த அறிவிப்பைத்தான்.