படிக்கும் நெஞ்சமே படைக்கும்

கதைப் புத்தகம் கையில் ஏறினால் பாடப் புத்தகம் கையை விட்டு நழுவிவிடும் என்று அஞ்சும் பெற்றோர் பலர் உளர். கவிதையா, மனப்பாடப் பகுதிக்கு மேல் அதில் என்ன இருக்கிறது என்று கேட்கும் தோழியரும் உளர். பெற்றோரின் அச்சம் அன்பினால் எழுவது. தோழியரின் கேள்வி தேர்வுச் சுமையால் எழுவது. இரண்டையும் எளிதில் தள்ளிவிட முடியாது. ஆயினும், மேனிலை வகுப்பில் பயிலும் மாணவியராகிய நாங்கள் இவ்வாண்டு மலரின் வாயிலாக ஒன்றைத் துணிந்து கூற விரும்புகிறோம். கதையும் கவிதையும் வீண்பொழுது போக்குவதற்கு வந்தவை அல்ல. மதிப்பெண் வாங்கித் தருவதற்கு மட்டும் வந்தவையும் அல்ல. அவை நம் நெஞ்சை உணரப் பழக்குகின்றன. உணர்ந்த நெஞ்சுதான் புதிதாக ஒன்றைப் படைக்கிறது. உணர்ச்சியை விட்டுவிட்டு எழுத்தை மட்டும் உருப்போட்டால் படிப்பும் பாதி, பயனும் பாதியாகிவிடும்.

உணரப் பழகுதல்

கதைக்கு எத்துணை ஆற்றல் உண்டு என்பதற்கு விவிலியத்திலேயே சான்று இருக்கிறது. தாவீது அரசர் உரியாவின் மனைவியைக் கவர்ந்து, உரியாவைப் போர்முனையில் சாகும்படி செய்தார். அரசரை நேருக்கு நேர் குற்றஞ்சாட்ட யாருக்குத் துணிவு வரும்? இறைவாக்கினர் நாத்தான் அவர்முன் சென்று ஒரு சிறு கதை சொன்னார். ஒரே ஓர் ஆட்டுக்குட்டியைப் பிள்ளைபோல் வளர்த்த ஏழை ஒருவன். மந்தை மந்தையாக ஆடுகள் இருந்தும், தன் விருந்தாளிக்காக அந்த ஒற்றைக் குட்டியைப் பிடித்து அடித்த செல்வன் ஒருவன். கேட்ட தாவீது சினத்தால் கொதித்தார். அச்செல்வன் சாக வேண்டியவன் என்று தீர்ப்பும் கூறினார். அம்மனிதன் தாமே என்று நாத்தான் உணர்த்தியபோதுதான் அரசர் தம் பாவத்தை அறிக்கையிட்டார். அறிவுரையாக வந்திருந்தால் அது அரண்மனை வாயிலிலேயே நின்றிருக்கும். கதையாக வந்ததால் நெஞ்சின் கதவு தானே திறந்தது.

நம் ஆண்டவரும் இவ்வழியையே மேற்கொண்டார். அயலான் யார் என்று கேட்ட சட்ட வல்லுநருக்கு அவர் இலக்கணம் வகுத்துச் சொல்லவில்லை. எரிகோவுக்குச் செல்லும் வழியில் அடிபட்டுக் கிடந்த ஒருவனையும், அவன் காயங்களில் எண்ணெயும் திராட்சை இரசமும் வார்த்துக் கட்டிய சமாரியனையும் கண்முன் நிறுத்தினார். பிறகு, மூவருள் அயலானாய் நடந்தவன் எவன் என்று, கேள்வி கேட்டவரிடமே திருப்பிக் கேட்டார். கதை கேட்பவர் சும்மா இருக்க இயலாது. தம் உள்ளத்தைக் கொண்டு விடை காண வேண்டியவராகிறார்.

நம் தமிழ்ச் சான்றோரும் இதனை நன்கு அறிந்திருந்தனர். தொல்காப்பியர் மெய்ப்பாட்டியல் என்று ஓர் இயலையே இதற்கென வகுத்தார். மகிழ்ச்சி, அழுகை, சினம், சிரிப்பு, அச்சம், வியப்பு, பெருமிதம், இழிவு என மெய்ப்பாடுகளை எட்டாகக் காட்டினார். உள்ளத்தில் எழும் உணர்ச்சி உடலில் வெளிப்படுவதே மெய்ப்பாடு. பாண்டியன் அவையில் ஒற்றைச் சிலம்போடு கண்ணகி நிற்கும் இடத்தைப் படிக்கும்போது நம் கைவிரல்கள் இறுகுகின்றன அல்லவா? கணவனை இழந்த துயரம் நமக்கு நேரவில்லை. தவறான தீர்ப்பும் நமக்கு வழங்கப்படவில்லை. எனினும், பிறர் துயரைச் சிறிது நேரம் நம் துயராகச் சுமக்கிறோம். இவ்வாறு சுமந்து பழகிய நெஞ்சு, நாளை பக்கத்துப் பெஞ்சில் ஒருத்தி காரணம் சொல்லாமல் அழும்போது கண்டும் காணாததுபோல் ஒதுங்கிப் போகாது.

இவ்வுணர்ச்சி நாடு முழுவதும் பரவுவதும் உண்டு. அமெரிக்காவில் அடிமை முறை நிலவிய நாளில், ஹேரியட் பீச்சர் ஸ்டோவ் என்னும் பெண்மணி எழுதிய 'டாம் மாமாவின் குடிசை' என்ற புதினம் 1852-இல் நூலாக வெளிவந்தது. முதல் ஆண்டிலேயே அந்நாட்டில் ஏறத்தாழ 3 இலட்சம் படிகள் விற்பனையாயின. 1865-இல் அடிமை முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அக்கதை ஒன்றே அடிமை விலங்கை உடைத்தது என்று சொல்வது மிகையாகும். இடையில் ஒரு பெரும் உள்நாட்டுப் போரே நடந்தது. ஆயினும், தாயையும் பிள்ளையையும் பிரித்து விற்பது எத்தகைய கொடுமை என்பதை, அடிமைச் சந்தையைக் கண்டிராத வீடுகளுக்கும் கொண்டுசென்று உணர வைத்தது ஒரு பெண்ணின் எழுதுகோல் அன்றோ!

வித்தும் விளைவும்

உணர்ச்சி உள்ளத்தோடு நின்றுவிடுவதில்லை. தக்க நிலத்தில் விழுந்தால் அது படைப்பாக முளைக்கிறது. வேங்கை மர நிழலில் நின்ற ஒரு பெண்ணைப் பற்றி மலைக்குறவர் வந்து சொன்னதும், அவளது வரலாற்றைச் சாத்தனார் எடுத்துரைத்ததுமே இளங்கோவடிகளைக் காப்பியம் பாடத் தூண்டின என்று சிலப்பதிகாரத்தின் பதிகம் கூறுகிறது. கேட்ட கதையே காப்பியமாயிற்று.

அண்மைக் காலத்திலும் இதற்கு அழகான சான்று உண்டு. ஆங்கிலக் கவிஞர் ஷெல்லி, 30 வயது நிறையும் முன்பே, 1822-இல் கடலில் மூழ்கி இறந்தவர். நம் நாட்டை அவர் கண்டதில்லை; தமிழ் என்ற ஒரு மொழியை எண்ணிப் பார்த்திருக்கவும் மாட்டார். ஆனால் அவர் பாடல்களில் உள்ளம் தோய்ந்த நம் பாரதியார் 'ஷெல்லிதாசன்' என்று புனைபெயர் பூண்டார். பாரதியாரிடம் நெஞ்சைப் பறிகொடுத்த புதுவை ஆசிரியர் கனக சுப்புரத்தினம் 'பாரதிதாசன்' ஆனார். அவரைப் போற்றிய இளைஞர் இராசகோபாலன் 'சுப்புரத்தினதாசன்' என்று பெயர் சூடி, அதையே சுருக்கிச் 'சுரதா' ஆனார். ஒரு விளக்கிலிருந்து மற்றொரு விளக்கு; அதிலிருந்து இன்னொன்று. இவர்களுள் எவரும் தாம் போற்றியவரை நகல் எடுக்கவில்லை என்பதை நாம் கருத்தில் கொள்ள வேண்டும். பாரதியார் தேசியக் கவியாகவும், பாரதிதாசன் புரட்சிக் கவிஞராகவும், சுரதா உவமைக் கவிஞராகவும் தத்தம் குரலிலேயே பாடினர். உண்மையான வாசிப்பு அடிமையை உருவாக்குவதில்லை, படைப்பாளியை உருவாக்குகிறது.

இது கவிஞர்களுக்கு மட்டும் உரியது என்று எண்ண வேண்டா. சிறுமலர் என்று நாம் அன்போடு அழைக்கும் குழந்தை இயேசுவின் தெரேசம்மாள், சிறு வயதில் பிரெஞ்சு நாட்டு வீரப் பெண்களின் கதைகளைப் படித்து உள்ளம் கனிந்தவர். அவர்களுள் ஜோன் ஆஃப் ஆர்க் அவர் நெஞ்சில் நிலையாகக் குடிகொண்டார். பின்னர் லிசியே நகரின் கார்மேல் மடத்தில், ஜோனைப் பற்றி நாடகங்கள் எழுதி, 1895-இல் தாமே ஜோனாக நடித்தார். ஐம்பதுக்கு மேற்பட்ட பாடல்களும் இயற்றினார். 24 வயதில், 1897-இல் மறைந்த அவருக்கு, 1997-இல் திருச்சபை மறைவல்லுநர் என்னும் பட்டம் வழங்கியது. மடத்தின் நான்கு சுவருக்குள் வாழ்ந்த ஓர் இளங்கன்னியின் கற்பனைக்கு, சிறுமியாய்ப் படித்த கதை சிறகு தந்தது.

திரைப்படமும் கைபேசியும் கதை சொல்லவில்லையா என்று சிலர் வினவலாம். சொல்கின்றன, அவற்றில் நல்லனவும் உண்டு. ஆயினும் ஒரு வேறுபாடு இருக்கிறது. திரையில் கண்ணகியின் முகத்தை வேறொருவர் முன்பே முடிவு செய்துவிடுகிறார். ஏட்டில் படிக்கும்போது அம்முகத்தை நாமே வரைந்துகொள்கிறோம். ஒரு வகுப்பில் 40 பேர் படித்தால் 40 கண்ணகியர் தோன்றுவர். மேலும், கைபேசியில் அரை நிமிடக் காட்சிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடுகின்றன. ஒன்றிற்காகக் கலங்கிய கண் காயுமுன் அடுத்ததற்குச் சிரிக்க வேண்டியிருக்கிறது. எந்த உணர்ச்சியும் வேரூன்ற அங்கே நேரமில்லை.

எதைப் படிப்பது?

எல்லாக் கதையும் நன்மை பயக்குமா? பெற்றோரின் இவ்வையம் நேர்மையானது. அவிலா நகரப் புனித தெரேசாவின் (1515–1582) வரலாறு இதற்கு ஒளி தருகிறது. அவருடைய தாயார் அக்காலத்து வீரக் காதல் கதைகளில் பெரு விருப்பம் கொண்டவர். தந்தைக்கோ அவை பிடிக்கா. மகளும் தந்தைக்குத் தெரியாமல் அவற்றைப் படித்தார். அவ்வாசிப்பால் தம் பக்தி ஆர்வம் தணிந்தது என்று பிற்காலத்தில் தம் வரலாற்றில் அவரே எழுதினார். ஆனால், அதே தெரேசாதான் அதற்கு முன், புனிதர்களின் கதைகளைப் படித்துவிட்டு, கிறிஸ்துவுக்காக உயிர் கொடுக்கப் போவதாகச் சிறு தமையனோடு வீட்டை விட்டே புறப்பட்டவர்! கதையின் ஆற்றல் இரு பக்கமும் கூர்மை உடையது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

அப்படியாயின் நல்லதை எவ்வாறு அறிவது? புனித இஞ்ஞாசியார் ஓர் எளிய அளவுகோலைத் தந்துள்ளார். 1521-இல் பம்பலோனா கோட்டைப் போரில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் முறிந்து லொயோலா மாளிகையில் படுத்திருந்த அவர், பொழுது போக வீரக்கதை நூல்களைக் கேட்டார். அவ்வீட்டில் அவை இல்லை. கிறிஸ்துவின் வாழ்வும் புனிதர் வரலாறும் பற்றிய நூல்களே கிடைத்தன. படிக்கப் படிக்க ஒன்றைக் கண்டுகொண்டார். உலகப் பெருமை பற்றிய கனவுகளும் இன்பம் தந்தன; ஆனால் அவை கலைந்த பின் உள்ளம் வறண்டு கிடந்தது. புனிதர்களைப் போல் வாழும் எண்ணமோ, நின்ற பின்னும் மகிழ்ச்சியை விட்டுச் சென்றது. அவர் வாளாவிருக்கவில்லை, கிறிஸ்துவின் மொழிகளைச் சிவப்பு மையிலும், அன்னை மரியாளின் மொழிகளை நீல மையிலும் தம் கைப்படக் குறிப்பேட்டில் எழுதி வைத்தார். ஆகவே, புத்தகத்தை மூடிய பின் நம் உள்ளத்தில் எஞ்சி நிற்பது என்ன என்பதே கேட்க வேண்டிய கேள்வி. இக்கேள்வியைக் கேட்கப் பழகிய பெண்ணுக்குப் பூட்டிய அலமாரி தேவையில்லை.

நாங்கள் வேண்டுவது

இன்று பல பள்ளிகளில் நிலை என்ன? தேர்வில் ஒரு பாடலைத் தந்து நயம் பாராட்டச் சொல்கிறார்கள். மையக்கருத்து, எதுகை, மோனை, இயைபு, அணி, சுவை என்று தலைப்புகளை வரிசையாக இட்டு, எந்தப் பாடலுக்கும் பொருந்தும் வாக்கியங்களை முன்கூட்டியே உருப்போட்டு வைப்பது வழக்கமாகி வருகிறது. 'கற்போர் உள்ளத்தைக் கவரும் இனிய பாடல்' என்று விடைத்தாளில் எழுதியவரின் உள்ளத்தை அப்பாடல் தொட்டதா என்று கேட்பார் இல்லை. பொதுத்தேர்வு நெருங்க நெருங்க, கால அட்டவணையில் இருக்கும் நூலக வகுப்பு கணக்குத் தேர்வுக்கும் அறிவியல் தேர்வுக்கும் இரையாகிவிடுகிறது. உணராத ஒன்றை உணர்ந்ததாக எழுதி மதிப்பெண் பெறப் பழகுவது, நாளடைவில் உள்ளத்திலும் ஒருவகைப் பொய்யைப் பழக்கிவிடாதா என்பதே எங்கள் கவலை.

எனவே, எங்கள் அருட்சகோதரியரையும் ஆசிரியப் பெருமக்களையும் பணிவுடன் வேண்டுகிறோம். வாரத்தில் ஒரு நூலக வகுப்பு, எத்தேர்வுக்காகவும் விட்டுக்கொடுக்கப்படாமல் இருக்கட்டும். ஒரு கவிதையை நடத்துமுன், உரையும் குறிப்பும் இன்றி, அதை ஒருமுறை வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். நாங்கள் சற்றே மௌனமாக இருந்து அதைச் சுவைக்கிறோம். வகுப்புக்கு ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்த இசைவு தாருங்கள். அதில் பிழைகள் இருக்கும். ஆனால் சொற்கள் எங்கள் சொந்தச் சொற்களாக இருக்கும்.

அன்புள்ள பெற்றோரே, உங்களுக்கும் ஒரு விண்ணப்பம். தமிழில் முதல் புதினமாகிய 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879-இல் வெளிவந்தது. அதை எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை ஒரு கத்தோலிக்கர். மாவட்ட முன்சீப்பாக இருந்தவர். பெண்களுக்குக் கல்வி வேண்டும் என்று வாதாடியவர். அவர் படைத்த ஞானாம்பாள், ஆண் வேடம் பூண்டு ஒரு நாட்டையே ஆள்கிறாள். பெண்கள் பள்ளிக்குப் போவதே அரிதாயிருந்த காலத்தில், ஒரு பெண் நாடாள முடியும் என்று படிப்போரை எண்ணிப் பார்க்க வைத்தது ஒரு கதை! உங்கள் மகள் கதை படிக்கும்போது, "பாடம் முடிந்ததா?" என்று கேட்பதோடு, "கதையில் என்ன நடந்தது?" என்றும் கேளுங்கள். இரவில் கால் மணி நேரம் போதும். அவள் சொல்லத் தொடங்குவாள். சொல்லச் சொல்லத் தானே ஒன்றைப் புனையவும் தொடங்குவாள்.

தோழியரே, நமக்கும் கடமை உண்டு. நூலக வகுப்பைக் கேட்டுப் பெற்றுவிட்டு அதை அரட்டையில் கழித்தல் தகாது. படித்த ஒவ்வொரு நூலுக்கும், அது நம்மை என்ன செய்தது என்று நம் சொந்த நடையில் நான்கு வரி எழுதி வைப்போம். நான்கு வரி ஒருநாள் நாற்பது வரியாகும்.

விதைப்பவர் உவமையில், விதையில் குறையில்லை. விழுந்த நிலத்தைப் பொறுத்தே விளைச்சல் வேறுபட்டது. மறைக்கல்வி வகுப்பில் நீங்கள் தூவும் விதையும், அறிவியல் கூடத்தில் தூவும் விதையும் இளகிய நிலத்தில் விழுந்தால்தான் முப்பதும் அறுபதும் நூறுமாகப் பலன் தரும். கதையும் கவிதையும் அந்த நிலத்தை உழுகின்ற ஏர். எந்தத் தேர்வின் பொருட்டும் அவ்வேரை எங்கள் கையிலிருந்து வாங்கிவிட வேண்டாம் என்பதே எங்கள் விண்ணப்பம்.