ஒன்று வீழின் மற்றொன்று தாங்குக!

2015 திசம்பர் 2-ஆம் நாள் காலையோடு முடிந்த இருபத்துநான்கு மணி நேரத்தில் தாம்பரத்தில் பெய்த மழை 49 செ.மீ. சேலையூர், முடிச்சூர் மக்கள் அதனை மறவார். 1878-இல் தோன்றிய 'தி இந்து' ஆங்கில நாளிதழின் சென்னைப் பதிப்பு அன்று அச்சேறவில்லை. மறைமலைநகர் அச்சகத்திற்குப் பணியாளர் சென்றுசேர இயலாமற் போனதே கரணியம். ஒரே இடத்தை நம்பிய பணி, அவ்விடத்திற்கு வழி அடைபட்ட அளவிலேயே நின்றது.

ஒரு நாள் தாள் வராமை சிறிய இழப்பே. 1981 மே 31-ஆம் நாள் இரவு தீயிடப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. வேறெங்கும் படியில்லாத ஏடுகளும் அவற்றுள் இருந்தன. அவ்விழப்பை எவர் ஈடுசெய்வார்?

இன்று நம் நூல்கள் கணிப்பொறிக்குள் ஏறிவருகின்றன. 1998-இல் மதுரைத் திட்டமும், 2005-இல் ஈழத்தமிழரின் நூலகம் திட்டமும் தொடங்கப்பெற்றன. அவற்றைப் பின்பற்றி ஊர்தோறும் சிறு தொகுப்புகள் எழல் வேண்டும். ஆயின், ஒரே கணிப்பொறியில், ஒரே வட்டில் வைத்துவிட்டு உறங்குவோமாயின், ஓலைச்சுவடியைக் கறையானுக்கு விட்டதற்கும் அதற்கும் வேறுபாடென்ன?

இதற்குத் தீர்வாகவே வல்லுநர் வழங்கித் திரள் என்னும் அமைப்பைக் கண்டனர். மக்கள் 'சர்வர்' என்னும் வழங்கிகள் இரண்டு. அவ்விரண்டும் எட்டக்கூடிய பொது வைப்பகம் ஒன்று. பணியாற்றும் வழங்கி 'உயிரோடுளேன்' என நொடிதோறும் மற்றதற்குத் துடிப்பு விடுக்கும். துடிப்பு நின்றால், காத்திருந்த வழங்கி வைப்பகத்தை ஏற்றுப் பணியைத் தொடரும். படிப்போர் சில நொடித் தடங்கலையன்றி வேறறியார்.

ஈண்டு மூன்று இடர்களை நம் இளைஞர் கருத்திற் கொள்க.

முதலாவது, வழங்கி வீழாமல், இடைப்பட்ட கம்பி மட்டும் அறுவதுண்டு. அப்போது ஒவ்வொன்றும் மற்றது மாண்டதெனக் கருதி, இரண்டும் ஒரே வட்டில் எழுதத் தொடங்கும். இரு கணக்கர் ஒரே ஏட்டில் ஒருவரையொருவர் அறியாது எழுதினால் கணக்கு என்னவாகும்? வைப்பு முழுதும் சிதையும். ஆகலின், பொறுப்பேற்கும் முன் மற்றதன் மின்னிணைப்பைத் துண்டித்து விலக்குதல் கட்டாயம். இதனை வேலியிடல் எனலாம். யார் தொடர்வதென்று முடிவுசெய்ய மூன்றாவது பொறியொன்றின் ஒப்பும் வேண்டும். இருவருள் பெரும்பான்மை காணவியலாதன்றோ?

இரண்டாவது, வழங்கி இரண்டாயினும் வைப்பகம் ஒன்றேயாயின், அது கெட்டவிடத்து எல்லாம் கெடும். எனவே வைப்பகத்திற்கும் இணையொன்று அமைத்தல் வேண்டும். ஒன்றில் எழுதுவதை உடனுக்குடன் மற்றதிலும் எழுதும் டி.ஆர்.பி.டி. போன்ற மென்பொருள்கள் உள்ளன.

மூன்றாவது, திரள் வேறு, காப்புப்படி வேறு. பிழையால் ஒரு நூலை அழித்தால் இணை வட்டிலும் அந்நொடியே அழியும். தொலைவில், வேற்றூரில், இணைப்பின்றி வைத்த படியே அன்று காக்கும்.

இக்கல்விக்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. லினக்சும், துடிப்பை அறிந்து பணியை மாற்றும் கோரோசிங்கு, பேசுமேக்கர் ஆகியனவும் விலையின்றிக் கிடைக்கும் கட்டற்ற மென்பொருள்கள். ஒரே கணிப்பொறிக்குள் மூன்று மெய்நிகர் பொறிகளை உருவாக்கியும் பயிலலாம். அமைத்தபின் கம்பியைப் பிடுங்கிப் பாருங்கள். மின்னை நிறுத்திப் பாருங்கள். வீழ்த்திப் பார்க்காத திரளை நம்புதல், நீரில் இறங்காமலே நீந்தத் தெரியுமெனல் போலாம்.

சேலையூரிலும் தாம்பரத்திலும் கணிப்பொறி பயிலும் தமிழிளைஞரே! வேலைக்கென நீங்கள் கற்கும் இத்திறனில் ஒரு பங்கைத் தாய்மொழிக்கு ஈயுங்கள். மூவர் கூடுங்கள், ஒரு சிறு தமிழ் நூற்றொகுப்பைத் தேர்ந்து அதற்கொரு திரள் அமையுங்கள், அமைத்த முறையைத் தமிழில் எழுதி வையுங்கள். அறிந்தவன் ஒருவனே என்னும் நிலையும் ஒற்றை வழங்கி போன்றதே. அவன் வெளியூர் சென்றால் எல்லாம் நிற்கும்.

மழை மீண்டும் வரும். அதற்குமுன் படிகள் பெருகுக, கைகளும் பெருகுக!