நாலாவது பட்டை கிடைக்காவிட்டால் மூன்றாவதும் கிடையாதா?

ஒரு துணை விமானி ஐந்து வருஷமாக வலது பக்க சீட்டில் உட்கார்ந்து விமானம் ஓட்டுகிறார். ஆறு மாதத்துக்கு ஒரு முறை சிமுலேட்டரில் சோதனை, வருஷா வருஷம் மருத்துவப் பரிசோதனை, எல்லாவற்றிலும் பாஸ். ஆயிரக்கணக்கான பயணிகளைப் பத்திரமாக இறக்கி விட்டாயிற்று. அப்புறம் ஒரு நாள் இடது பக்க சீட்டுக்கான பயிற்சிக்கு அழைக்கிறார்கள். தவறிவிடுகிறார். இன்னொரு வாய்ப்பு தருகிறார்கள், அதிலும் தவறுகிறார். "நன்றி, நாளையிலிருந்து வர வேண்டாம்!"

நேற்று வரை பாதுகாப்பான விமானி. இன்றைக்கு வீட்டுக்குப் போகச் சொல்லும் அளவுக்கு என்ன ஆகிவிட்டது?

உலகத்தில் எல்லா விமான நிறுவனங்களும் இப்படிச் செய்வதில்லை. பல இடங்களில் கேப்டன் பயிற்சியில் தவறியவர் பழைய சீட்டுக்கே திரும்பிப் போகிறார், கொஞ்ச காலம் கழித்து மறுபடி முயற்சி செய்கிறார். ஆனால் "மேலே ஏறு, இல்லாவிட்டால் வெளியே போ" என்பதையே கொள்கையாக வைத்திருக்கும் நிறுவனங்களும் உண்டு. அவர்கள் சொல்லும் ஒரே காரணம் "பாதுகாப்பு". அந்த வார்த்தையைக் கேட்டதும் எல்லோரும் வாயை மூடிக்கொள்வார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். மூட வேண்டாம். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

முதலில், கேப்டன் தேர்வு என்பது என்ன? இந்தியாவில் 200 மணி நேரம் பறந்தால் வணிக விமானி உரிமம். 1500 மணி நேரமும், டிஜிசிஏ நடத்தும் தேர்வுகளும் முடித்தால்தான் ஏடிபிஎல் என்கிற உயர்நிலை உரிமம். அதற்கு மேல் நிறுவனம் தரும் கேப்டன் பயிற்சி: வகுப்பு, சிமுலேட்டர், பிறகு பயிற்சியாளர் பக்கத்தில் இருக்க இடது சீட்டில் நிஜமான பறத்தல். இங்கே விமானத்தை ஓட்டத் தெரியுமா என்பது மட்டும் சோதனை இல்லை. ஒரு எஞ்சின் நின்று போய், வானிலை மோசமாகி, எரிபொருளும் குறைந்துகொண்டே வரும்போது யார் சொல்வதைக் கேட்பது, எங்கே இறங்குவது, யாருக்கு எந்த வேலையைக் கொடுப்பது... முடிவெடுக்கும் பொறுப்புதான் சோதனை. நல்ல துணை விமானியாக இருப்பவர் நல்ல கேப்டனாக இன்னும் தயாராகாமல் இருக்கலாம். இரண்டும் வேறு வேறு வேலை.

இப்போது தர்க்கத்துக்கு வருவோம். தவறியவர் துணை விமானியாக இருக்கக்கூடத் தகுதியில்லாதவர் என்றால், அவரை ஐந்து வருஷம் பயணிகளோடு பறக்க விட்டது யார்? அதே நிறுவனம்தானே? தகுதி உள்ளவர் என்றால் எதற்காக வெளியேற்றம்? இரண்டில் ஒன்றுதான் உண்மையாக இருக்க முடியும். எது உண்மையாக இருந்தாலும் தப்பு நிறுவனத்தின் பக்கம்தான்.

உடனே எதிர்த்தரப்பு ஒரு விபத்தை எடுத்து நீட்டும். நியாயமான உதாரணம்தான், ஒளிக்க வேண்டாம். 2019 பிப்ரவரி 23 அன்று அமெரிக்காவின் டெக்சாஸில் அட்லஸ் ஏர் சரக்கு விமானம் ஒன்று விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். அதை ஓட்டிக்கொண்டிருந்த துணை விமானி முன்பு வேறொரு நிறுவனத்தில் கேப்டன் பயிற்சியில் தவறியவர். "பார்த்தீர்களா, அப்போதே வெளியேற்றியிருந்தால்?" என்று கேட்பார்கள்.

விசாரணை அறிக்கை அதோடு நிற்கவில்லை. அவர் கேப்டன் பயிற்சியில் மட்டும் தவறவில்லை, வேறு நிறுவனங்களில் அடிப்படைப் பயிற்சியிலேயே தடுமாறியிருக்கிறார். அதையெல்லாம் அடுத்தடுத்த விண்ணப்பங்களில் மறைத்திருக்கிறார். மறைக்க முடிந்ததற்குக் காரணம் பயிற்சி விவரங்களை எல்லா நிறுவனங்களும் பார்க்கும்படியான தரவுத்தளம் தயாராகாமல் இழுத்தடிக்கப்பட்டது. 2009இல் 50 பேர் இறந்த கோல்கன் ஏர் விபத்துக்குப் பிறகு, 2010இல் சட்டமே போட்டும் இழுத்தடித்தார்கள். வெளியேற்றுவது பிரச்சினையைத் தீர்ப்பதில்லை, பிரச்சினையை அடுத்த நிறுவனத்தின் வாசலில் இறக்கி வைக்கிறது. அவ்வளவுதான்.

தோற்றால் வேலை போகும் என்றால் மனிதன் தோல்வியை மறைப்பான். இது விமானிக்கு மட்டும் உரிய குணம் இல்லை. 2011இல் நம் நாட்டில் என்ன நடந்தது? கோவாவில் ஒரு பயணிகள் விமானம் மூக்குச் சக்கரம் முதலில் தரையில் படும்படி இறங்கியது. அதைத் தோண்டப் போனபோது கிளம்பிய பூதம்தான் போலி மதிப்பெண் பட்டியல் விவகாரம். ஏடிபிஎல் தேர்வில் பாஸ் ஆகாமலே ஆனதாகச் சான்றிதழ் கொடுத்து கேப்டன் ஆனதாகக் குற்றம் சாட்டப்பட்டுச் சிலர் கைதானார்கள். நாட்டில் உள்ள உரிமங்களையெல்லாம் மறுபடி சரிபார்க்க வேண்டியதாயிற்று. அவர்கள் செய்ததாகச் சொல்லப்படுவது குற்றம், மன்னிக்க வேண்டியதில்லை. ஆனால் நாலாவது பட்டையின் மேல் வாழ்க்கையையே பணயம் வைக்கச் சொல்லும் ஒரு ஏற்பாடு எந்த மாதிரி ஆசையை வளர்க்கும் என்பதற்கு அதைவிட நல்ல பாடம் கிடையாது.

இன்னொன்று. வேலை போய்விடும் என்ற பயத்தோடு வலது சீட்டில் உட்காருகிறவர் இடது சீட்டில் இருப்பவரை எதிர்த்துப் பேசுவாரா? 2010 மே 22, மங்களூர். துணை விமானி "மேலே தூக்குங்கள், திரும்பச் சுற்றி வருவோம்" என்ற பொருளில் மூன்று முறை சொன்னார். கேப்டன் கேட்கவில்லை. 158 பேர் செத்துப் போனார்கள். 2020 ஆகஸ்ட் 7, கோழிக்கோடு. அங்கேயும் துணை விமானி சொன்னார், கேப்டன் கேட்கவில்லை. 21 பேர். இரண்டிலுமே வலது சீட்டின் குரல்தான் சரியாக இருந்தது! அந்தக் குரலை இன்னும் பலமாக்க வேண்டிய நேரத்தில், நாளைக்குத் தன்னைப் பாஸ் போடப்போகும் மூத்தவர்களின் முகத்தைப் பார்த்துப் பேச வைக்கிறது இந்தக் கொள்கை.

சோதிப்பவரின் நிலைமையையும் யோசியுங்கள். "இன்னும் ஆறு மாதம் போகட்டும்" என்று எழுதினால் போதும் என்றால் கூசாமல் எழுதுவார். எழுதினால் ஒரு குடும்பம் தெருவுக்கு வரும் என்றால் பேனா தயங்கும். தயங்கிய பேனாவால் பாஸ் ஆன அரைகுறை கேப்டன் எந்தப் பயணிக்குப் பாதுகாப்பு?

தஞ்சாவூர்ப் பக்கம் உட்கார்ந்துகொண்டு இதைப் பேசுவது ஏன் என்று தோன்றலாம். 2013இல் இங்கே விமானப்படைத் தளம் வந்தது. 2020 ஜனவரியிலிருந்து சுகோய் படைப்பிரிவு இருக்கிறது. தலைக்கு மேல் அந்தச் சத்தம் போகும்போது வயலில் நிற்கிற பையன் அண்ணாந்து பார்க்காமல் இருப்பானா? பைலட் ஆசை வரும். படிப்புக்கு ஐம்பது லட்சத்துக்குக் குறையாது. குறிப்பிட்ட விமான வகைக்கான பயிற்சிக்கு அதற்கு மேலும் பல லட்சம். ஏழரை லட்சத்தைத் தாண்டிய கல்விக்கடனுக்கு வங்கி பொதுவாகச் சொத்து ஈடு கேட்கும். டெல்டாவில் சொத்து என்றால் என்ன? நஞ்சைதான். ஒரத்தநாட்டிலோ மன்னார்குடியிலோ ஒரு அப்பா கையெழுத்துப் போட்டால், மகனின் சிமுலேட்டர் தேர்வோடு சேர்ந்து வயலும் தேர்வு எழுதுகிறது என்று அர்த்தம்.

அந்த வயல் ஒரு பாடம் சொல்லும். மேட்டூர் ஜூன் 12 அன்று திறக்க வேண்டும். 2024இல் ஜூலை 28 அன்றுதான் திறந்தது. ஆற்றுத் தண்ணீரை நம்பியவர்களுக்குக் குறுவை அடிபட்டது. அதற்காக "நீ விவசாயியே இல்லை, வரப்பை விட்டு இறங்கு" என்று யாராவது சொன்னார்களா? சம்பாவுக்கு நாற்று விடப் போனார்கள். நினைத்தபடி வெளியேற்றுகிற வழக்கம் இந்த மண்ணுக்குத் தெரியாததும் இல்லை. மிராசுதார் முகம் சுளித்தால் பண்ணையாள் குடிசையைக் காலி செய்ய வேண்டியிருந்த காலம் இருந்தது. பெரிய போராட்டங்களுக்குப் பிறகு 1952இல் தஞ்சாவூர் மாவட்டத்துக்கென்றே பண்ணையாள், குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் வந்து அந்தக் கையைப் பிடித்து நிறுத்தியது. களத்துமேட்டில் ஒழித்ததை ஏர்கண்டிஷன் அறையில் கழுத்துப்பட்டையோடு செய்தால் அதற்குப் பெயர் நிர்வாகமா?

"நமக்கும் பைலட்டுக்கும் என்ன சம்பந்தம், நாம் பி.காம். ஆச்சே" என்று நினைக்கும் நண்பர்கள் 2025 பிப்ரவரியை ஞாபகப்படுத்திக்கொள்ளட்டும். மைசூரில் இன்ஃபோசிஸ் முந்நூறுக்கும் மேற்பட்ட பயிற்சியாளர்களை வெளியே அனுப்பியது. உள்தேர்வில் மூன்று முறையும் தவறினார்கள் என்றது நிறுவனம். அவர்களில் பலர் வேலைக் கடிதம் கிடைத்த பிறகு இரண்டு வருஷத்துக்கு மேல் காத்திருந்தவர்கள். நிறுவனம் காக்க வைத்தால் அது "வணிகச் சூழல்". ஆள் தடுமாறினால் அது "தகுதியின்மை". நல்ல கணக்கு!

விமானத்துறையிலும் இதே ஒருதலைக் கணக்குதான். 2017இல் டிஜிசிஏ கொண்டு வந்த விதிப்படி, கேப்டன் வேலையை விட ஒரு வருஷம் முன்கூட்டியே சொல்ல வேண்டும், துணை விமானி ஆறு மாதம். விமானி திடீரென்று போனால் பயணிகள் பாதிக்கப்படுவார்களாம். சரி, ஒப்புக்கொள்வோம். அதே அவகாசம் தோற்றுப்போன விமானிக்கு ஏன் இல்லை? இவ்வளவுக்கும் கேப்டன்கள் குவிந்து கிடக்கவும் இல்லை. கோழிக்கோடு விபத்து அறிக்கையைப் படித்தால் தெரியும்: அந்த நிறுவனத்தின் கோழிக்கோடு தளத்தில் 26 துணை விமானிகளுக்கு ஒரே ஒரு கேப்டன்தான் இருந்தார். ஆள் பற்றாக்குறை இருக்கிற துறையில், ஐந்து வருஷம் செலவழித்து உருவாக்கிய ஆளைத் தூக்கி எறிவது வணிகவியல் முதல் வருஷப் பாடத்துக்கே விரோதம்.

கேட்பது பெரிய சலுகை இல்லை. தவறியவர் பழைய சீட்டுக்கு, பழைய சம்பளத்தில் திரும்பட்டும். எதில் தவறினார் என்பதை எழுத்தில் கொடுங்கள். குறிப்பிட்ட காலம் கழித்து, வேறொரு சோதனையாளரிடம் மறுவாய்ப்பு. எல்லாத் தோல்விகளும் மறைக்க முடியாதபடி பதிவாகட்டும். வலது சீட்டுக்கே லாயக்கில்லை என்று தெரிந்தால் தயங்காமல் தரையிறக்குங்கள், ஆனால் அதைத் தனியாக, அந்தச் சீட்டுக்குரிய சோதனையில் நிரூபித்துவிட்டு. இதை நிறுவனங்களின் நல்ல மனதுக்கு விடாமல் டிஜிசிஏ விதியாகவே எழுத வேண்டும்.

"நான் இன்னும் தயாராகவில்லை" என்று பயமில்லாமல் சொல்லக்கூடிய விமானி ஓட்டுகிற விமானத்தில் ஏறத்தான் எல்லோருக்கும் ஆசை. அந்த வாக்கியத்துக்குத் தண்டனை வைத்துவிட்டு, பாதுகாப்பைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.