பீடியை நிறுத்தினால் மாத்திரை அளவும் மாறியாக வேண்டும்

2022 செப்டம்பரில் வெளியான தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் நிக்கோடின் மாற்று சிகிச்சை இடம்பிடித்திருக்கிறது. பட்டியலில் உள்ள 384 மருந்துகளில் புதிதாகச் சேர்ந்தவை 34; அவற்றில் இதுவும் ஒன்று. உலக சுகாதார நிறுவனம் தன் பட்டியலில் இதைச் சேர்த்தது 2009-இல். தாமதமாக வந்தாலும் மனதார வரவேற்கிறோம். நீண்டகால வார்டுகளிலும் மறுவாழ்வு இல்லங்களிலும் வேலை செய்யும் நமக்கு இதன் பொருள் தெளிவானது. மருந்து கொடுக்காமல் புகைத் தடையை மட்டும் அமல்படுத்துவதற்கு இனி எந்தச் சாக்கும் இல்லை.

தடை வேண்டுமா, வேண்டாமா என்ற பழைய வாதத்துக்குள் நாம் போகவில்லை. வேண்டும். கடுமையான மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிடப் பல ஆண்டுகள் முன்பே இறந்துபோகிறார்கள். புகையால் வரும் இதய நோயும் நுரையீரல் நோயும் அதற்குப் பெரிய காரணங்கள். "அவங்களுக்கு இருக்கிற ஒரே சந்தோஷம் இதுதானே" என்று பீடியை நீட்டும் கனிவு அவர்களைக் கொன்றுகொண்டிருக்கிறது. பூட்டிய வார்டில் நெருப்பு என்பதும் கற்பனை அச்சம் அல்ல. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் 28 பேர் சங்கிலியில் கட்டுண்டபடியே எரிந்து இறந்ததை நம் துறையில் யாரும் மறக்க முடியாது.

பீடி நம் வார்டுகளில் நாணயமாகவும் புழங்கியிருக்கிறது. தரையைத் துடைத்தால் ஒன்று, சாப்பாட்டு வாளியைத் தூக்கினால் இரண்டு. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இன் 20-ஆம் பிரிவு, நிலையத்தில் யாரையும் வேலை செய்யக் கட்டாயப்படுத்தக் கூடாது, செய்த வேலைக்குத் தக்க ஊதியம் தர வேண்டும் என்கிறது. பீடி ஊதியம் அல்ல. எங்காவது இது இன்னும் நடக்கிறது என்றால், தடைக்கு முன்னால் அதை நிறுத்துங்கள்.

இனி, இந்த இதழ் ஓயாமல் சொல்லிவரும் விஷயத்துக்கு வருகிறேன். புகையை நிறுத்துவது மருந்தின் அளவைக் கூட்டுவதற்குச் சமம். புகையில் உள்ள பாலிசைக்ளிக் ஹைட்ரோகார்பன்கள் கல்லீரலின் சைப்-1ஏ2 நொதியைத் தூண்டுகின்றன. மனநோய் மருந்துகளான குளோசபைனும் ஓலான்சபைனும் அந்த வழியில்தான் வேகமாக வெளியேறுகின்றன. புகை நின்ற சில நாட்களிலேயே தூண்டல் அடங்கிவிடும். தினமும் அதே மாத்திரைதான், ஆனால் ரத்தத்தில் குளோசபைன் சராசரியாகப் பாதி மடங்கு ஏறும். சிலருக்கு அதற்கும் மேலே. எச்சில் வழிதல், எழுப்ப முடியாத தூக்கம், கை கால் வெட்டு, கடும் மலச்சிக்கல், கடைசியில் வலிப்பு. பல ஆண்டுகளாக 400 மில்லிகிராமில் நிலையாக இருந்தவருக்குத் திடீரென வலிப்பு வந்தால் சிடி ஸ்கேனுக்கு எழுதுகிறோம். போன வாரம் வார்டில் பீடி நின்றதா என்று கேட்பதில்லை.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையையும் களைய வேண்டும். நிக்கோடின் பேட்ச் ஒட்டினால் ரத்தத்தில் மருந்து அளவு ஏறாது என்று நினைப்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். நொதியைத் தூண்டுவது நிக்கோடின் அல்ல, புகை. பேட்ச் ஏக்கத்தைத் தணிக்கும். குளோசபைன் ஏறுவதைத் தடுக்காது. பீடி கிடைக்காமல் வாயில் புகையிலையை ஒதுக்கிக்கொள்பவருக்கும் இதே கதிதான். ஆகவே நிறுத்துவதற்கு முன் முடிந்தால் ஒரு சீரம் லெவல், முதல் வாரத்தில் படிப்படியாக ஏறத்தாழ கால் பங்கு குறைப்பு, வார முடிவில் மறுபடி லெவல். லெவல் பார்க்க வசதியில்லாத இடத்தில் அறிகுறிப் பட்டியலை ஷிப்டுக்கு ஒருமுறை செவிலியர் குறித்தாக வேண்டும். ஹாலோபெரிடாலில் இந்த மாற்றம் மிகக் குறைவு என்பதால் எல்லோருக்கும் ஒரே கணக்கு வேண்டாம்.

கொள்முதல் செய்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். விலை குறைவு என்று நிக்கோடின் சூயிங் கம்மை மட்டும் வாங்கி அனுப்பினால் நம் வார்டுகளில் பாதிப் பேருக்கு அது பயன்படாது. மென்று, கன்னத்தில் ஒதுக்கி, மறுபடி மெல்லும் முறைக்குப் பல் வேண்டும். பல ஆண்டுகளாக உள்ளே இருப்பவர்களுக்குப் பல் இல்லை. குளோசபைனால் ஊறும் எச்சிலோடு நிக்கோடினும் வயிற்றுக்குள் போய்விடும். பேட்ச்தான் வேண்டும்.

உள்ளே நிகழும் ஆபத்தையாவது கண்ணெதிரே பார்க்கிறோம். வாசலுக்கு வெளியே நிகழ்வது நம் கண்ணுக்கே வருவதில்லை. குணமான பின்னும் மனநல மருத்துவமனைகளில் தேங்கிக் கிடப்பவர்களைச் சமூகத்துக்குத் திருப்பி அனுப்ப வழிசெய்யுமாறு 2017 ஜூலையில் கௌரவ் குமார் பன்சால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதை முழுமனதோடு ஆதரித்தோம், இன்றும் ஆதரிக்கிறோம். ஆனால் புகையில்லா வார்டில் அளவு சரிசெய்யப்பட்ட ஒருவர் வீட்டுக்குப் போகிறார். தெருமுனைக் கடையில் பீடி. ஒரே வாரத்தில் நொதி மறுபடி விழித்துக்கொள்கிறது, மருந்து அளவு சரிகிறது, குரல்கள் திரும்பிவிடுகின்றன. அம்மா மாத்திரையை எண்ணி எண்ணிக் கொடுத்திருப்பார். புறநோயாளிப் பிரிவில் அவரைப் பார்த்து நாம் சொல்வது: "மாத்திரை ஒழுங்காப் போடலை போல." கேஸ் ஷீட்டில் ஒத்துழைப்பின்மை என்று எழுதப்படும். இரண்டாம் முறையோ மூன்றாம் முறையோ ஆனதும், வீட்டில் வைத்திருக்க முடியாதவர் என்ற முத்திரையோடு அவர் நீண்டகால வார்டுக்கே வந்துவிடுவார். அதன் பிறகு வெளியே போகமாட்டார். இப்படி எத்தனை குடும்பங்கள் செய்யாத குற்றத்துக்குப் பழி சுமந்தன என்பது எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. ஏனெனில் டிஸ்சார்ஜ் சம்மரியில் பீடிக்கு ஒரு வரி இல்லை. ரத்த வெள்ளை அணு எண்ணிக்கைக்கு இடம் இருக்கிறது, எடைக்கு இருக்கிறது, அடுத்த ஊசித் தேதிக்கு இருக்கிறது. ஒரு நாளைக்கு எத்தனை பீடி என்பதற்கு இல்லை.

இந்த ஒரு வரியைச் சேர்க்கச் செலவு கிடையாது. புதிய பணியிடமும் தேவையில்லை. கூட்டங்களில் கேட்டிருக்கிறோம், இந்தப் பக்கங்களில் எழுதியிருக்கிறோம். பதிலாக வருவது பலகைகளைப் பற்றிய சுற்றறிக்கை. எச்சரிக்கைப் பலகை 60 சென்டிமீட்டருக்கு 30 சென்டிமீட்டர் இருக்கிறதா, வெள்ளைப் பின்னணிதானா, புகார் பெறும் அலுவலரின் பெயர் எழுதியாயிற்றா? பொது இடப் புகைத் தடை விதி அதைக் கேட்கிறது, சரி. பேட்ச் இருப்பு எவ்வளவு, மருந்து அளவு மாற்றப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று ஆய்வுப் படிவம் ஏன் கேட்பதில்லை? 200 ரூபாய் அபராதத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். சொந்தமாக ஒரு சட்டைப் பை கூட இல்லாதவரிடம் எதை வசூலிப்பது? அதே விதிகள் 30 அறைகள் கொண்ட ஓட்டலுக்குத் தனிப் புகை அறை வைக்க அனுமதி தந்திருக்கின்றன. நமக்கு அந்த அறை வேண்டாம். ஆனால் ஓர் இரவு தங்குபவரின் பழக்கத்தை எண்ணிப் பார்த்த சட்டம், இருபது ஆண்டுகள் ஒரே கட்டிலில் வாழ்பவரைப் பற்றி ஒரு வார்த்தையும் யோசிக்கவில்லை என்பது நெஞ்சை உறுத்துகிறது.

தலையணை உறையைக் கிழித்துப் பீடி தேடும் நிலையங்களுக்கு ஸ்காட்லாந்தின் கார்ஸ்டேர்ஸ் மருத்துவமனை வழக்கை நினைவூட்டுகிறோம். பலத்த பாதுகாப்புள்ள அந்த மனநல மருத்துவமனையில்கூட, சட்டப் பாதுகாப்புகளைப் பின்பற்றாமல் புகையிலை வைத்திருப்பதைத் தடை செய்ததும், சோதனையிட்டுப் பறித்ததும் செல்லாது என்று 2017-இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. புகைக்க உரிமை உண்டு என்று அது சொல்லவில்லை. உள்ளே இருப்பவரை எப்படி நடத்துவது என்பதற்கு எல்லை உண்டு என்றது.

தேசியப் பட்டியலில் ஏறிய மருந்து தானாக வார்டு அலமாரிக்கு வந்துவிடாது. மாநில மருந்துப் பட்டியலில் பேட்ச் சேர வேண்டும். கொள்முதல் கோரிக்கையைக் கண்காணிப்பாளர்கள் இப்போதே எழுதி அனுப்ப வேண்டும். அது வந்து சேராத நிலையத்தில் தடைத் தேதியைத் தள்ளிவையுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி படிவம் மாறும்வரை காத்திருக்காதீர்கள். மருந்து அளவுக்குப் பக்கத்தில் பேனாவால் எழுதுங்கள்: நாளொன்றுக்கு எத்தனை பீடி, நிறுத்திய தேதி, மறுபடி தொடங்கினால் எத்தனை நாளுக்குள் வந்து காட்ட வேண்டும்.