சாயநீரின் செலவை யார் கொடுப்பது?

கைத்தறித் துணிக்கு அழகு தருவது சாயம். ஆனால், சாயமிட்ட நீர் பட்டறையை விட்டு வெளியேறிய பின்னர் எங்கே செல்கிறது என்று சங்கப் பேரவைக் கூட்டங்களில் கேட்போர் மிகச் சிலரே. நெசவாளரும் பயிரிடுவோரும் ஒருங்கே படிக்கும் இவ்விதழில் அக்கேள்வியை எழுப்புவது பொருத்தமென்று கருதுகிறேன். ஏனெனில், சாயத்தால் பிழைப்பவரும் சாயக்கழிவால் கிணறு கெட்டு வருந்துபவரும் கூட்டுறவு இயக்கத்தின் அங்கத்தினர்களே.

‘கடல் எங்கோ இருக்கிறது, திண்டுக்கல் கழிவுக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்?’ என்று சிலர் வினவலாம். திண்டுக்கல் சமவெளியின் வடிநீர் குடகனாற்றில் சேருகிறது. குடகனாறு வேடசந்தூர் வழியாக வடக்கே சென்று அமராவதியில் கலக்கிறது. அமராவதி கரூருக்கு அருகே காவிரியில் கலக்கிறது. காவிரி வங்கக் கடலை அடைகிறது. மாவட்டத்தின் தென்பகுதியில் ஓடும் மஞ்சளாறும் மருதாநதியும் வைகையில் சேருகின்றன. வைகையோ இராமநாதபுரத்தைக் கடந்து பாக் விரிகுடாவை நோக்கிச் செல்கிறது. ஆண்டின் பெரும்பகுதியில் இவ்வாறுகள் வறண்டு கிடப்பதால், கழிவு முதலில் நமது நிலத்திலும் கிணற்றிலும் இறங்குகிறது. எஞ்சியதை வெள்ளம் கடலுக்கு அடித்துச் செல்கிறது.

பாக் விரிகுடா ஆழமற்ற கடல். அதன் அடியில் கடற்புல் மேய்ச்சல் நிலம்போல் பரந்து கிடக்கிறது. இறால் குஞ்சுகளும் மீன் குஞ்சுகளும் அங்கே வளருகின்றன. கடற்பசு அதையே மேய்ந்து வாழ்கிறது. 2022-ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. கடற்புல்லுக்கு வெயில் வேண்டும். நீர் கலங்கி நிறம் மாறினால் வெயில் அடிவரை எட்டாது, புல் அழியும், புல்லை நம்பிய மீனும், மீனை நம்பிய குடும்பமும் அதனோடு நலியும்.

கழிவைப் புறக்கணித்தால் நேர்வது யாது என்பதற்கு நொய்யலே சாட்சி. பாசனத்திற்காக 1992-இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் திருப்பூர்ச் சாயக்கழிவே தேங்கிற்று. ஆயக்கட்டு விவசாயிகள் நீதிமன்றத்தை நாடினர். கழிவைச் சிறிதும் வெளிவிடாத முறைக்கு வாராத சாயப்பட்டறைகளை மூடுமாறு சென்னை உயர்நீதிமன்றம் 2011 ஜனவரியில் ஆணையிட்டது. நூற்றுக்கணக்கான பட்டறைகள் ஒரே சமயத்தில் மூடப்பட்டன, தொழிலாளரும் தவித்தனர். முன்னரே செலவிட மறுத்த தொகையைப் பின்னர் எல்லோரும் சேர்ந்து பன்மடங்காகக் கொடுக்க நேர்ந்தது.

நமது ஊருக்கும் இப்பாடம் புதிதன்று. மாசுபடுத்துவோரே அதற்கான செலவை ஏற்கவேண்டும் என்னும் நெறியை வேலூர் வழக்கில் 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம் நிலைநாட்டியது. அத்தீர்ப்பில் தோல் பதனிடும் ஆலை ஒவ்வொன்றுக்கும் ரூ.10,000 தண்டம் விதிக்கப்பட்ட மாவட்டங்களுள் திண்டுக்கல்லும் ஒன்று.

இனி, செலவை ஆராய்வோம். பருத்தி நூலில் சாயம் பற்றுவதற்கு உப்புச் சேர்க்கிறோம். உப்பு நூலில் தங்குவதில்லை. முழுவதும் நீரோடு வெளியேறுகிறது. நிறத்தையும் அழுகும் பொருளையும் நீக்குவது ஓரளவு எளிது; உப்பை நீக்குவதே கடினம். அதற்கு நீரைச் சவ்வு வழியாக அழுத்தி வடிக்கவேண்டும். எஞ்சியதைக் காய்ச்சி வற்றச் செய்யவேண்டும். மின்சாரமும் எரிபொருளும் மிகுதியாகச் செலவாகின்றன. முடிவில் மிஞ்சும் கலப்பு உப்பைக் கொட்டவும் இடமில்லை.

இக்காரணத்தால், கழிவைக் குழாய் வழியே கடலில் விட்டுவிடலாம் என்னும் யோசனை தமிழ்நாட்டில் பலமுறை எழுந்தது. உப்பு கடலுக்கு அந்நியமன்று என்னும் வாதத்தில் உண்மை உண்டு. சட்டமும் கடலுக்குச் சற்றுத் தளர்வாகவே உள்ளது. நீரில் அழுகும் பொருள் பிராணவாயுவை எவ்வளவு உறிஞ்சும் என்னும் அளவு, ஆற்றில் விடும் கழிவில் லிட்டருக்கு 30 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது; கரையோரக் கடலில் விடும் கழிவிலோ 100 வரை இருக்கலாம் என்கின்றன 1986-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் விதிகள். ஆயினும் குழாயில் உப்பு மட்டும் செல்வதில்லை. நீக்கப்படாத நிறமும் நஞ்சும் உடன் செல்லும். நொய்யல் விவசாயி தன் வயலில் கேட்டைக் கண்டு வழக்குத் தொடுத்தார். கண்காணாத கடலடியில் நேரும் கேட்டை யார் காண்பார்? குஜராத்தில் ஜேத்பூர்ச் சேலைப் பட்டறைகளின் கழிவைப் போர்பந்தர்க் கடலுக்குக் கொண்டுசெல்லும் திட்டத்தை அங்குள்ள மீனவர் எதிர்த்திருப்பதன் காரணம் இதுவே. கடலில் விடுவதால் செலவு குறைவதில்லை; நெசவாளரின் கணக்கிலிருந்து மீனவரின் கணக்குக்கு மாறுகிறது, அவ்வளவே.

அவ்வாறாயின், சிறு நெசவாளர் இச்சுமையைத் தாங்குவாரா? தனியொருவராகத் தாங்கமாட்டார். கூட்டுறவு தேவைப்படுவது இவ்விடத்தில்தான். கண்மாய்க்குக் குடிமராமத்துச் செய்த முன்னோர், ஊரார் யாவரும் சேர்ந்து கரையையும் மடையையும் பேணினர். சாயநீருக்கும் அம்முறையே தகும்.

முதலாவதாக, செலவைத் தொட்டியிலேயே குறைக்கவேண்டும். உப்பு மிகுந்த சாயநீர் அளவிற் குறைவு; அலசும் நீரே மிகுதி. இரண்டையும் ஒரே சாக்கடையில் விடாமல் பிரித்தால், காய்ச்ச வேண்டிய நீர் வெகுவாகக் குறையும். கடைசி அலசல் நீரை அடுத்த முதல் அலசலுக்குப் பயன்படுத்தலாம். திருப்பூரில் சுத்திகரித்த உப்புநீரையே மீண்டும் சாயமிடப் பயன்படுத்துகின்றனர்.

இரண்டாவதாக, சிதறிக் கிடக்கும் தொட்டிகளுக்குப் பதிலாகச் சங்கங்கள் பல சேர்ந்து பொதுச் சாயச்சாலையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையமும் அமைக்கவேண்டும். அதன் நடைமுறைச் செலவை, சாயமிடும் ஒவ்வொரு கிலோ சிட்டா நூலின் மீதும் பகிர்ந்து, துணியின் அடக்க விலையிலேயே சேர்க்கவேண்டும். நூலும் கூலியும் செலவென்றால் இதுவும் செலவே. வெளிப்பட்டறையில் சாயமிடும் சங்கமும், மலிவான கூலியை மட்டும் பாராது, கழிவு செல்லும் வழியைக் கேட்டறிய வேண்டும்.

மூன்றாவதாக, நிலையம் கட்ட அரசு மானியம் தரலாம். ஆனால் நாள்தோறும் ஓட்டுவதற்குப் பணம் இல்லையென்றால் அது வெறுங் கட்டடமே. ஆகவே அச்செலவுக்குக் கணக்கில் தனித் தலைப்பு வேண்டும். சாயமிட்ட நூல் கூடியும் நிலையத்தின் மின்கட்டணம் கூடவில்லையெனில், இயந்திரம் நிறுத்தப்பட்டிருக்கிறது என்று ஐயுறலாம். இதனை அறிய இரசாயனப் பயிற்சி வேண்டியதில்லை. சீட்டுகளை ஒப்பிடும் எந்த அங்கத்தினரும் அறியலாம்.

பெரிய ஆலைகள் செய்யும் கேட்டுக்கு முன் நமது பங்கு அற்பமென்பாரும் உண்டு. அளவில் அஃது உண்மையே. எனினும், நமது கணக்கு ஒழுங்காக இருந்தால்தான் பெரியவரின் கணக்கைக் கேட்கும் உரிமை நமக்கு உண்டாகும். கழிவு முழுவதையும் காய்ச்சி வற்றச் செய்யும் பெருஞ்செலவுமுறையைச் சிறு சங்கங்களின்மேல் ஒரே நாளில் சுமத்துவதும் நியாயமன்று. வெளியேறும் நீர் எதைச் சுமக்கிறது, எங்கே சேருகிறது என்பதைப் பார்த்துப் படிப்படியாக முறையை வகுக்க வேண்டும். ஆனால் முதற்படியைத் தள்ளிப்போடலாகாது.

வரும் பேரவைக் கூட்டத்தில் வரவு செலவு படிக்கப்படும்போது, சாயநீருக்கென்று எவ்வளவு ஒதுக்கப்பட்டுள்ளது என்று அங்கத்தினர்கள் கேட்பார்களாக. ஒன்றுமில்லை என்பது பதிலானால், அத்தொகையைக் குடகனாற்றங்கரை விவசாயியும் கடற்கரை மீனவரும் நமக்காகக் கொடுத்துக் கொண்டிருக்கின்றனர் என்று பொருள். பிறர் பணத்தில் லாபம் காட்டுவது கூட்டுறவாகாது.