கடைசி வரி மேல் பழி போடாதீங்க!



சுவர் இதழ் என்றால் கவிதையும் பொன்மொழியும்தான் வரணுமா? இந்த முறை நான் ஒரு அடைப்புக்குறியைப் பற்றி எழுதுகிறேன். கம்ப்யூட்டர் குரூப் இல்லாதவர்களும் படிக்கலாம்.

போன வாரம் லேபில் நானும் என் தோழியும் ஒரே கம்ப்யூட்டரில் சி பிளஸ் பிளஸ் புரோகிராம் அடித்தோம். ஐந்து மார்க்கை வாங்கி, கூட்டி, சராசரி சொல்ல வேண்டும். முதல் பாதி நான் அடித்தேன், மீதி அவள். கம்பைல் செய்தால் கடைசி வரியில் பிழை என்று வந்தது. "உன் வரியிலதாண்டி தப்பு, பார்த்து அடிக்கக் கூடாதா?" என்று எல்லோர் முன்னாலும் கத்திவிட்டேன். அவள் ஒன்றும் பேசாமல் கடைசியில் இன்னொரு } போட்டாள். பிழை போய்விட்டது! ரன் செய்தோம். முதல் மார்க் 80 கொடுத்தேன். மீதி நாலு மார்க்கைக் கேட்கவே இல்லை. சராசரி 16 என்று காட்டிவிட்டு முடிந்துவிட்டது.

பிறகுதான் காரணம் புரிந்தது. நான் அடித்த ஃபார் லூப்பில் { திறந்தேன், மூடவே இல்லை. அதனால் சராசரி காட்டும் வரியும் ரிட்டர்ன் வரியும் லூப்புக்குள் மாட்டிக்கொண்டன. முதல் சுற்றிலேயே 80-ஐ 5-ஆல் வகுத்துக் காட்டிவிட்டு வெளியே வந்துவிட்டது. கம்பைலர் 'இனிமேல் மூடுவார்கள்' என்று கடைசி வரை காத்திருக்கிறது. ஃபைல் முடிந்த பிறகுதான் ஒன்று குறைகிறது என்கிறது. அது காட்டுவது தப்பு தெரிந்த இடம், தப்பு நடந்த இடம் இல்லை.

எனக்கு உதவிய வழிகளைச் சொல்கிறேன். திறந்தவுடனே மூடிவிடுங்கள், உள்ளே எழுதுவதை அப்புறம் எழுதுங்கள். ஒவ்வொரு { க்கும் உள்ளே இருப்பதைக் கொஞ்சம் தள்ளி எழுதுங்கள்; எது எதற்குள் இருக்கிறது என்று கண்ணுக்கே தெரியும். பழைய புரோகிராம் என்றால் பென்சிலால் எண்ணுங்கள். திறந்தால் ஒன்று கூட்டு, மூடினால் ஒன்று கழி. நடுவில் பூஜ்யத்துக்குக் கீழே போகக் கூடாது, கடைசியில் பூஜ்யம் வரணும். மேற்கோளுக்குள் இருக்கும் குறியை எண்ண வேண்டாம்.

ஆனால் எண்ணிக்கை மட்டும் போதாது. ( [ ) ] என்று எழுதினால் எண்ணிக்கை சரி, வரிசை தப்பு. சாப்பாட்டுத் தட்டு அடுக்குகிற மாதிரிதான். கடைசியாக வைத்ததைத்தான் முதலில் எடுக்க முடியும். கடைசியாகத் திறந்த குறியைத்தான் முதலில் மூடணும். இதைத்தான் 'ஸ்டாக்' என்கிறார்கள்.

பைத்தானில் நெளிவு அடைப்புக்குறி போட வேண்டியதில்லையே என்று பன்னிரண்டாம் வகுப்பு அண்ணன்கள், அக்காக்கள் சிரிக்கலாம். அங்கேயும் ( ) தப்பினால் பிழைதான். 2021-ல் வந்த பைத்தான் 3.10-லிருந்து, மூடாத குறி எங்கே திறந்தது என்றே அது காட்டுகிறது. அதைச் செய்தவர்களுக்கும் இந்தத் தொல்லை தெரிந்திருக்கிறது!

இப்போது என் கருத்து. பிழை வந்தால் உடனே "மிஸ், எரர் வருது!" என்று கூப்பிடுகிறோம். மிஸ் வந்து ஒரு நிமிஷத்தில் சரி செய்துவிடுகிறார்கள். நாம் ரெக்கார்டு நோட்டில் சரியானதை மட்டும் எழுதிவிடுகிறோம். தப்பு எங்கே இருந்தது என்று யாருக்கும் தெரியாது. ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: எங்களுக்குப் பத்து நிமிஷம் கொடுங்கள், நாங்களே தேடுகிறோம். மாதம் ஒருமுறை தப்பான புரோகிராம் ஒன்றைக் கொடுத்து, கண்டுபிடித்தவருக்கு ஒரு மார்க் போடுங்கள். பீரியடில் நேரம் பத்தாது என்பது உண்மைதான். ஆனால் பரீட்சைத் தாளில் சிவப்புக் கோடு காட்ட எடிட்டர் வராதே!

கடைசியாக ஒன்று. என் தோழி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூடாமல் விட்டது நான், திட்டு வாங்கியது அவள். எல்லோர் முன்னாலும் திட்டினேன். அதனால் எல்லோரும் படிக்கும் இந்தச் சுவரிலேயே கேட்கிறேன். ஸாரிடீ!



— 11-ஆம் வகுப்பு மாணவி, கணினி அறிவியல் பிரிவு