பின் சீட்டுக்கு மட்டும் என்ன சலுகை?

"ஏர்பேக் இருக்கும்போது பெல்ட் எதற்கு, அதுவும் பின் சீட்டில்?" என்று கேட்கிறார் நண்பர். கீழ்புத்துப்பட்டு மஞ்சனீஸ்வரர் அய்யனாரைக் கும்பிட்டுவிட்டு கிழக்குக் கடற்கரைச் சாலையில் பறக்கிற பலரின் வாதமும் இதுதான். (அய்யனார் போதுமென்றால் ஏர்பேக் மட்டும் எதற்கு?)

ஏர்பேக் தலையணை அல்ல. கண்ணிமைப்பதற்குள் வெடித்து விரிவது. பெல்ட் உடம்பை இழுத்துப் பிடித்தால்தான் அது காக்கும். இல்லையென்றால் முன்னே பாயும் முகத்தில் அறையும். மடியில் குழந்தை இருந்தால் கேட்கவே வேண்டாம்.

2022 செப்டம்பர் 4, மகாராஷ்டிராவின் பால்கர் அருகே தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி விபத்தில் இறந்தது மெர்சிடிஸ் காரில். ஏர்பேக்குக்குப் பஞ்சமில்லை. பின் சீட்டில் பெல்ட் போடாத இருவரும் இறந்தார்கள். முன் சீட்டு இருவர் படுகாயத்தோடு பிழைத்தார்கள்.

"என் உயிர், என் இஷ்டம்" என்றும் நண்பர் சொல்கிறாரே, அதுவும் செல்லாது. மோதலில் பின்னால் இருப்பவர் பாய்ந்து நசுக்குவது முன்னால் இருப்பவரை.